திருகோணமலையில் காலை டைவ், ராத்திரி நுவரெலியா: சரிவருமா?

கோவை_ஆமை எழுதியது:

வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் நான், மனைவி, 11 வயது மகள் மூவரும் இலங்கை போகிறோம். மொத்தம் ஆறு நாள். எனக்கு ஸ்கூபாவில் 18 மீட்டர் வரை இறங்க விடும் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தமான் ஹேவ்லாக்கில் எடுத்தது, லாக் புத்தகத்தில் மொத்தமே ஆறு டைவ், அதற்கப்புறம் தண்ணீர் என்றால் அபார்ட்மென்ட் நீச்சல் குளம்தான்.

போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. முதல் நாள் கொழும்பில் இறங்கி நேராகத் திருகோணமலை. இரண்டாம் நாள் கோணேஸ்வரம், கடற்கரை. மூன்றாம் நாள் காலையில் இரண்டு டைவ், ஒன்று கோயில் இருக்கும் பாறைக்குக் கீழே, இன்னொன்று புறாத்தீவு. முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வேன் ஏறினால் ராத்திரி நுவரெலியா போய்விடலாம். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அங்கே, ஆறாம் நாள் கொழும்பில் விமானம். டைவ் அடித்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறது, நடுவில் மூன்று நாள் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

கேட்க வேண்டியது இவைதான். ஜூலையில் இங்கே கோவையில் சாரல் விடாது, அங்கே கடல் எப்படி இருக்கும்? 18 மீட்டர் சான்றிதழ் போதுமா? எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் மூன்றரை, மாஸ்க்குக்குள் என்ன செய்வது? மகளும் உள்ளே வருவேன் என்று ஒரே அடம், அவளை இறக்கலாமா?

திருமலையான் எழுதியது:

வாருங்கள், எங்கள் ஊர்தான். ஜூலை நல்ல காலம். உங்கள் பக்கம் சாரல் போடுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று, மலைநாட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வெறும் காய்ந்த காற்றாகத்தான் வரும். அதைக் கச்சான் காற்று என்போம். (கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலையும்தான், கடற்கரையில் யாராவது "கச்சான், கச்சான்" என்று கூவினால் காற்றைச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.) மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைக் கடல் அமைதி. நவம்பரில் வாடை தொடங்கினால் வள்ளமே இறக்க மாட்டார்கள், அந்த நேரத்தில் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம்தான் போக வேண்டும். ஆனாலும் ஜூலையிலும் விடியவே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், பின்னேரத் தண்ணீர் காலைத் தண்ணீர் மாதிரி இராது.

புறாத்தீவு திருகோணமலைப் பட்டினத்துக்குள் இல்லை, வடக்கே நிலாவெளியில். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், வள்ளத்தில் போகலாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சீட்டுக் காசு கட்ட வேண்டும், வெளிநாட்டவர்களுக்குக் கட்டணம் கூட, வள்ளத்துக்கு வேறாக. டைவ் கடைக்காரர் சொல்லும் தொகையில் இந்த இரண்டும் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள், கடைசியில் வாக்குவாதம் வருவது எப்போதும் இதில்தான். போயா நாளிலும் (பௌர்ணமி விடுமுறை) சனி ஞாயிறிலும் போகவே வேண்டாம், சந்தை மாதிரி இருக்கும்.

தீவின் கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல்தான் அதிகம், வெறுங்காலோடு இறங்கினால் கிழித்துவிடும். நீங்கள் பவளப்பாறை என்பதை நாங்கள் முருகைக்கல் என்போம், ஸ்கூபா அடிப்பவரைச் சுழியோடி என்போம். உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் சிலிண்டரே தேவையில்லை. உயிர்காப்பு அங்கியும் ஸ்நோர்கெல் என்கிற மூச்சுக் குழாயும் போட்டு இடுப்பளவு தண்ணீரில் குப்புறப் படுத்தாலே போதும், கரும்நுனிச் சுறாக் குட்டிகள் காலடியில் ஓடும். அவை மனிதரைக் கண்டால் தாங்களே விலகிப் போகும் இனம். கல்லின் மேல் மட்டும் நிற்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள். வார இறுதியில் வருகிற நூறு பேரில் பாதிப் பேர் அதன்மேல் ஏறி நின்றுதான் படம் எடுக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரியும்.

கோணேசர் மலையடி வேறு அனுபவம். மேலே இராவணன் வெட்டு, செங்குத்தான பாறை அப்படியே கடலுக்குள் இறங்கும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துத் தள்ளியபோது விழுந்த தூண்களும் கற்களும் இன்னும் கீழே கிடக்கின்றன. 1956-ல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிப் போய்க் கண்டது இங்கேதான். பாசியும் முருகைக்கல்லும் பிடித்து எது பாறை, எது தூண் என்று முதலில் தெரியாது. மூலை நேராக வெட்டின ஒரு கல்லைப் பார்த்த பிறகுதான் கண் பழகும், அப்புறம் சுற்றிலும் அதுவாகவே தெரியும். தொடாமல், எதையும் எடுக்காமல் வாருங்கள்.

புதுவை_நீர்மூழ்கி எழுதியது:

நான் புதுச்சேரியில் டைவ் சொல்லித் தருகிறவன். கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், நீங்கள் கேட்காத ஒன்றுதான் முதலில். அந்த மூன்றாம் நாள் ராத்திரி நுவரெலியா. அதை அடித்துவிடுங்கள்.

டைவுக்கும் விமானத்துக்கும் மூன்று நாள் இடைவெளி என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, இடைவெளி சில மணி நேரம்தான், உங்கள் விமானம் அந்த வேன். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை வைத்திருப்பது பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக. அதாவது மதியம் கரையேறி ராத்திரி நுவரெலியாவில் படுப்பதும், மதியம் கரையேறி ராத்திரி விமானத்தில் உட்காருவதும் உடம்புக்கு ஒன்றேதான். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு இழுத்தபோது ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அது போவதற்குள் வெளி அழுத்தத்தைக் குறைத்தால் சோடா பாட்டில் மூடியைத் திறந்த கதை. மூட்டு வலி, தோலில் அரிப்பு, மரத்துப் போவது என்று தொடங்கும், அதுவும் மலைப்பாதையில் நடு ராத்திரியில். டைவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதல் ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் அடித்தால் 18 மணி நேரம் என்கிறது, 600 மீட்டருக்கு மேல் போகும் மலைக்கும் அதே கணக்கு. நான் என் மாணவர்களுக்கு 24 என்றே சொல்வேன். கொடைக்கானல்காரர் ஒருவர் பாண்டியில் டைவ் அடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார், சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

தீர்வு சுலபம், திட்டத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முதலில் மலை, பிறகு கடல். மலையிலிருந்து இறங்கி டைவ் அடிப்பதில் சிக்கல் இல்லை. திருகோணமலையிலிருந்து கொழும்பு திரும்பும்போது ஹபரணை, தம்புள்ளை வழியாக வாருங்கள், அது தாழ்வான பாதை.

18 மீட்டர் போதுமா என்றால், உங்களுக்கு 12 போதும். காரணம் சான்றிதழ் இல்லை, காற்று. கணக்குப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு), அதில் 50 பாரோடு மேலே வர வேண்டும், மீதி 150 பார் என்றால் 1,800 லிட்டர். இரண்டு வருடம் இடைவெளி விட்ட ஆள் பதற்றத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டராவது இழுப்பார். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 56 லிட்டர், 32 நிமிடத்தில் தீர்ந்தது. 12 மீட்டரில் 2.2 மடங்கு, 44 லிட்டர், 40 நிமிடம் கிடைக்கும். வெளிச்சமும் நிறமும் கூட மேலேதான் அதிகம், கீழே போகப் போகச் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். ஆழம் போனேன் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர 18-ல் உங்களுக்கு என்ன வேலை?

கோவையிலேயே ஒரு குளத்தில் ரெஃப்ரெஷர் என்கிற மறுபயிற்சி முடித்துவிட்டுப் போங்கள், அல்லது அங்கே முதல் நாளே கடைக்காரரிடம் கேளுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை (மூச்சு இழுக்கும் கருவி) தேடிப் பிடிப்பது, இரண்டும் கை தானாகச் செய்ய வேண்டும். பொதுவாக ஆழமான டைவை முதலில் வைப்போம், ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டையும் 12-க்குள் வைத்துக்கொண்டு புறாத்தீவை முதலில் அடியுங்கள், அங்கே சுகமாக இருந்தால் மட்டும் கோயில் பாறை. ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதை விடாதீர்கள்.

கண்ணாடிக்கு மென்மையான காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம், கெட்டியான லென்ஸ் வேண்டாம். இல்லாவிட்டால் பவர் மாஸ்க் இங்கேயே வாங்கிப் போங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் மைனஸ் மூன்றரைக்கு அது போதாது, மீதிக் காற்றைக் காட்டும் கேஜில் எண் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். 11 வயதுக்கு அறிமுக டைவ் அனுமதி உண்டு, பயிற்சியாளரோடு ஆழம் குறைவாக. ஆனால் அவள் குளத்தில் ரெகுலேட்டரை வைத்து மூச்சு விட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும், அதற்கு முன்னால் பணம் கட்டாதீர்கள். ஆஸ்துமா இருந்ததா என்று மருத்துவப் படிவத்தில் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள்.

உப்புமூக்கு எழுதியது:

மேலே இருவரும் சொல்லாத ஒன்று, சளி. போன வருடம் இதே கிழக்குக் கரையில்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் மூக்கடைப்பு, காசு கட்டியாகிவிட்டதே என்று மூக்கடைப்பு மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இறங்கும்போது காது அடைக்காமல் அழகாக விட்டுக் கொடுத்தது, அதுதான் வினை. அரை மணி கழித்து ஏறும்போது மாத்திரையின் வேலை முடிந்துவிட்டது போல, நெற்றிக்கு உள்ளே யாரோ ஸ்குரூ முடுக்குகிற மாதிரி வலி. ஒரு மீட்டர் ஏறினால் வலி, ஒரு மீட்டர் இறங்கினால் சுகம். ஆனால் கேஜ் இறங்கிக்கொண்டே இருக்கிறது, 60, 55, 50. வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றினார். நாலு மீட்டருக்கு வந்தபோது உள்ளே ஏதோ பொட்டென்று விட்டது, மாஸ்க்கின் அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்தேன். என் மூக்கு ரத்தம்தான், அந்த ஆழத்தில் சிவப்பாகக்கூடத் தெரியவில்லை. படகில் 20 பாரோடு ஏறினேன். வழிகாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு டிஷ்யூ பேப்பரைக் கொடுத்தார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நுவரெலியாக் குளிரில் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கி வந்தால் சளி பிடித்தாலும் பிடிக்கலாம். டைவுக்கு முன்பணம் கட்டும்போது உடம்பு சரியில்லாவிட்டால் தேதி மாற்றுவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் வேறு கடை.

கோவை_ஆமை எழுதியது:

நுவரெலியா விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை, விமானம் விமானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சோடா பாட்டில் உதாரணத்தைச் சொன்னேன், "அப்போ டைவே வேண்டாம்" என்று ஒரு மணி நேரம் பேச்சு. சமாதானம் ஆகிவிட்டது. புதுத் திட்டம்: முதல் நாள் கண்டி, இரண்டாம் நாள் நுவரெலியா, மூன்றாம் நாள் இறங்கித் திருகோணமலை, நாலாம் நாள் காலை டைவ், ஐந்தாம் நாள் காலை கோயில் பார்த்துவிட்டுத் தம்புள்ளை வழியாகக் கொழும்பு, ஆறாம் நாள் விமானம். மகளுக்கு ஸ்நோர்கெல் மட்டும், அடுத்த வருடம் குளத்தில் பழகிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன், இன்னும் பேசவில்லை என்னோடு.

ஒரு சந்தேகம். இப்போதே ஆன்லைனில் பணம் கட்டிவிடலாமா, அங்கே போய்ப் பார்க்கலாமா? ஒரு கடையில் விலை பாதிதான், ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி என்று போட்டிருக்கிறார்கள்.

புதுவை_நீர்மூழ்கி எழுதியது:

உங்களுக்கு ஆறு பேருக்கு ஒருவர் போதாது. இரண்டு பேருக்கு ஒருவர் கிடைக்கிற இடமாகப் பாருங்கள், அதற்குக் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதைக் கண்ணால் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனை, அந்த நைட்ரஜன் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே என்று கேளுங்கள். பதில் சட்டென்று வர வேண்டும். யோசித்தால் கிளம்பி வந்துவிடுங்கள். டைவ் காப்பீடும் போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணப் பயணக் காப்பீட்டில் பல நேரம் ஸ்கூபா சேராது.

திருமலையான் எழுதியது:

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடைகள் பக்கத்தில் பக்கத்தில்தான். மூன்றாம் நாள் பின்னேரம் நடந்தே நாலு கடையில் கதைத்துப் பார்க்கலாம், முன்பணம் அவசரம் இல்லை. வாடகை உடுப்பு எப்படி அலசிக் காயப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் வடிவாகப் பாருங்கள். ரெகுலேட்டரை மண்ணில் போட்டு வைத்திருக்கிற கடையில் நான் என் எதிரியைக்கூட இறக்க மாட்டேன். தண்ணீர் 28, 29 பாகை இருக்கும், 3 மில்லிமீட்டர் அரை உடுப்பு போதும்.

பிள்ளை பேசவில்லை என்றீர்களே, தீவில் புறாவைக் காட்டுங்கள். பேருக்கு ஏற்ற மாதிரி அங்கே மாடப்புறா பாறை இடுக்கில் கூடு கட்டும், எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு அதை மறந்துவிடுகிறார்கள்.