மறு: ரெற்றிக்கிள்: குறுக்குக்கம்பி போதுமா?

அன்பின் குழுவினருக்கு,

போன கிழமை நம் கலைச்சொல் பேச்சில், துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற தொலைகாட்டியான ஸ்கோப்புக்குக் குறிநோக்கி என்று ஒருவழியாகத் தீர்ந்தது. அதைக் கேட்டுக் கிளப்பியவன் நான்தான். அதற்குள்ளே தெரிகிற கோடுகளுக்கும், அதாவது ரெற்றிக்கிளுக்கும், தமிழ்ப் பெயர் வேண்டும் என்று மறுபடியும் வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் பழையதுதான். நோர்வேயில் இருக்கிற என் மச்சான் வேட்டைப் பரீட்சை பாஸ்பண்ணிவிட்டு, துவக்குக்கு ஸ்கோப் வாங்க நிற்கிறார். அவரோடு சேர்ந்து எழுதிய தமிழ்ப் பெடியள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு விளக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். எனக்கோ வேட்டை தெரியாது. இங்கே மான் என்றால் பிரெட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நம் கையிலுள்ள பையை முகர்ந்து பார்க்கிற மான்தான். ஆனால் கண்ணாடிக்குள் கோடு பார்த்த அனுபவம் முப்பது வருடம் உண்டு. நில அளவையில் வேலை செய்தவன்.

> குறுக்குக்கம்பி என்று பௌதிகவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

மட்டக்களப்பு டீச்சருக்கு: நானும் கம்பி என்றே சொல்லிப் பழகியவன். ஆனால் நில அளவையில் கோணம் பார்க்கிற தியோடலைற்றுக்குள் இருந்தது குறுக்குக்கம்பி மட்டுமில்லை. நடுக்கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குட்டிக் கோடுகளும் இருந்தன. தூரத்தில் பெடியன் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுத்தடியில் ஒரு கோடு 1.620 இலும் மற்றது 1.200 இலும் விழுந்தால், வித்தியாசம் 0.420. கோடுகளின் இடைவெளியே அந்தக் கணக்குக்கென்று வைத்தது, நூறால் பெருக்கினால் 42 மீற்றர். கந்தளாய் வாய்க்கால் கரைகளில் சங்கிலி இழுக்காமல் எத்தனை தூரம் இப்படி எடுத்திருப்போம்! அந்தக் கோடுகள் எதையும் குறுக்கே வெட்டப் போட்டவை அல்ல, அளக்கப் போட்டவை. குறிநோக்கிக்குள் இருப்பதும் அதே வித்தைதான். நடுவில் ஒரு சிலுவை, அதன் கால்களில் அளவுகோல் மாதிரிச் சின்னச் சின்னப் பிரிவுகள். அதைக் குறுக்குக்கம்பி என்றால் பாதிதான் சொன்னதாகும். அதிலும் இப்போது வருகிற பலவற்றில் கம்பியே கிடையாது, கண்ணாடித் தட்டில் செதுக்கிய கோடுதான்.

> மூலச்சொல் இலத்தீனில் 'சிறு வலை'. அப்படியானால் குறிவலை?

கோயம்புத்தூர் நண்பருக்கு: அழகான சொல், ஆனால் திருகோணமலையில் எடுபடாது. இங்கே கரைவலையிலிருந்து ஆயிரம் வலை இருக்கிறது. குறிவலை என்றால் என்ன மீனுக்கு என்று கேட்பார்கள்.

என் முன்மொழிவு குறிநூல். 1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோய்ன் என்பவர் தொலைகாட்டிக்குள் சிலந்தி இழுத்துவிட்ட நூல் ஒன்று பிம்பத்தோடு சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். குவியத்தளத்தில், அதாவது வில்லை பிம்பத்தை விழுத்துகிற இடத்தில், எது இருந்தாலும் பிம்பத்தின் மேலேயே வரைந்தமாதிரித் தெரியும் என்பது அதிலிருந்துதான் பிடிபட்டது. பிறகு நெடுங்காலம் கருவிக்காரர்கள் சிலந்தி நூலையே கட்டினார்கள். அதோடு நம்முடைய மேசனும் தச்சனும் நேர்பார்ப்பது நூல் பிடித்துத்தான். 'ஒரு நூல் கூடிப்போச்சு' என்றால் அரைக்கால் அங்குலம். நேரும் அளவும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே கிடக்கின்றன.

சொல்லை மேசையில் வைத்தே பார்த்தால் போதாது என்று கடற்கரைக்கும் போனேன். திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகிற போட்காரத் தம்பி ஒருவரிடம் ஏழுக்கு ஐம்பது பைனாகுலர் இருக்கிறது, உள்ளே மில்லுக்கு ஒன்றாகப் பிரிவுக்கோடு போட்டது. வெளியே நின்ற பதினெட்டடி பைபர் போட் ஒன்றைப் பார்த்தேன். பக்கவாட்டில் நின்றது. முனையிலிருந்து முனைக்குப் 11 பிரிவு. மில் என்றால் ஆயிரத்தில் ஒன்று: ஆயிரம் மீற்றரில் ஒரு மீற்றர், நூறு மீற்றரில் பத்துச் சென்ரிமீற்றர். போட் ஐந்தரை மீற்றர், ஆகவே 5.5 ஐ ஆயிரத்தால் பெருக்கி 11 ஆல் பிரித்தால் 500 மீற்றர். பெருமையோடு தம்பியைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தால் 8 பிரிவுதான். கணக்குப்படி போட் 690 மீற்றருக்கு ஓடிவிட்டது! ஓடவில்லை, நங்கூரத்தில் கொஞ்சம் திரும்பி நின்றது, அவ்வளவுதான். மச்சானுக்கு இதை முதல் வரியாக எழுதியிருக்கிறேன். மிருகத்தின் நீளத்தை வைத்து அளக்காதே, அது சாய்ந்து நின்றால் தூரம் கூடிக்காட்டும். முதுகிலிருந்து நெஞ்சடிவரை உள்ள உயரத்தை வை.

தம்பியிடம் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "உள்கோடு" என்றார். அதையும் பதிவுக்காக வைக்கிறேன்.

இப்போது சிக்கலான இடம். குறிநோக்கி வாங்கப்போகிறவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, கோடு முதலாம் குவியத்தளத்தில் (பெருக்கத்தை மாற்றுகிற வில்லைகளுக்கு முன்னால்) இருக்கிறதா இரண்டாம் குவியத்தளத்தில் (அவற்றுக்குப் பின்னால்) இருக்கிறதா என்பது. முன்னதில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கோடும் பிம்பத்தோடு பெருக்கும், எந்தப் பெருக்கத்திலும் ஒரு மில் ஒரு மில்தான். பின்னதில் பிம்பம் மட்டும் பெருக்கும், கோடு அப்படியே நிற்கும். அளவு சரியாக இருப்பது ஒரேயொரு பெருக்கத்தில், பெரும்பாலும் உச்சத்தில். ஒன்பது மடங்கில் சரியான கோட்டை நாலரை மடங்கில் வைத்துப் பார்த்தால் ஒரு பிரிவு இரண்டு மில்லை மூடும். அரை மீற்றர் நெஞ்சு ஒரு பிரிவுக்குள் நிற்கிறது, ஆகவே 500 மீற்றர் என்று இவர் நினைப்பார். உண்மையில் அது 250. ஐந்நூறுக்கென்று உயர்த்திச் சுட்டால் சன்னம் முதுகுக்கு மேலாலே போய்விடும்.

இந்த வித்தியாசத்தை முதலாம், இரண்டாம் என்ற எண் சொல்லுமா? சொல்லாது. ஆகவே முன்னதற்கு வளர்நூல், பின்னதற்கு நிலைநூல். எப்படி?

மற்றவை விரைவாக: பாகையின் அறுபதில் ஒன்றுக்குக் கலை இருக்கவே இருக்கிறது, விகலையும் கூடவே. மில்லிஆரையன் எழுத்தில், மில் பேச்சில். நோர்வேயில் பெரிய மிருகம் சுடுவோர் வருடாவருடம் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் வைத்துக் காட்டவேண்டும். அந்த வட்டம் 3 மில், அல்லது ஏறத்தாழ 10 கலை. காற்றுக்காகக் குறியைத் தள்ளிப்பிடிப்பதற்குக் காற்றொதுக்கு. கச்சான் காற்று வீசும்போது போட்காரர் கரைக்கு வருகிற விதத்தைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை.

திருகோணமலையிலிருந்து

—

மட்டக்களப்பிலிருந்து:

> என் முன்மொழிவு குறிநூல்.

ஐயா, என் வகுப்பில் குறிநூல் என்று சொல்லிப் பார்த்தேன். "கைரேகைப் புத்தகமா டீச்சர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். குறி சொல்கிற நூல்! சிரித்து முடிய ஐந்து நிமிடமாயிற்று. நூல் என்றால் பிள்ளைகளுக்கு முதலில் புத்தகந்தான். இழை அந்த வம்பில் மாட்டாது. மின்குமிழில் ஏற்கெனவே படித்த சொல்.

நிலைநூல் அதைவிடப் பிழை. நிலை என்றால் மாறாதது என்று பிள்ளை எடுப்பான். அளவு மாறாதது மற்றதல்லவா? நம்பவேண்டாத கருவிக்கு நம்பிக்கையான பெயர் வைத்திருக்கிறீர்கள்.

—

திருகோணமலையிலிருந்து:

டீச்சர் சொன்னது சுட்டுவிட்டது, குறி பிசகாமல். மச்சான் அதே பிழையைத்தான் விட்டிருப்பார்: "நிலைநூல்தானே அத்தான், நம்பலாம்."

குறிநூலைக் கைவிடுகிறேன். மனசில்லை, ஆனாலும். குறியிழை என்று வைப்போம். சிலந்தியும் அதற்குள் இருக்கிறது, நில அளவைக்கும் நுணுக்குக்காட்டிக்கும் வெறும் இழை என்றே சொல்லிக்கொள்ளலாம். மற்ற இரண்டும் வளரிழை, வளராவிழை. எதிர்மறையாக இருப்பது நல்லதே. வளராது என்று காதில் விழுந்த உடனே, அப்போ பிம்பம் வளரும்போது அளவு என்னாகும் என்ற கேள்வி வரும். வளராவிழையில் கண்வைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்தால் போதும்.

கோயம்புத்தூர் நண்பர் தனிமடலில், அப்படியானால் வளரிழைதான் எல்லாருக்கும் உகந்ததா என்று கேட்டிருந்தார். இல்லை. குறைந்த பெருக்கத்தில் வளரிழை மயிர்போல மெலிந்துவிடும். மைமல் நேரத்தில் மரங்களின் கறுப்புக்கு எதிரே அதைத் தேடிப்பிடிப்பதற்குள் மிருகம் போய்விடும். காட்டுக்குள் நூறு மீற்றருக்குள் நின்று சுடுகிறவருக்குத் தடித்த வளராவிழை போதும், அவர் அளக்கப்போவதும் இல்லை. மரமில்லாத மலைவெளியில் தூரம் அளந்து சுட நினைப்பவருக்குத்தான் வளரிழை. அளக்கத் தெரிந்தால் சுடத் தெரியும் என்று மச்சான் நினைத்துவிடக்கூடாதே என்ற பயமும் எனக்கு உண்டு. தாளின் அடியில் அதையும் எழுதினேன்.

நேற்றிரவு தாளை அனுப்பினேன். பதில் விடிய வந்தது: "சொல்லெல்லாம் விளங்குது அத்தான். கடையில பார்த்தேன், வளரிழைக்கு விலையும் வளர்ந்துதான் கிடக்கு. இடமாறு தோற்றம் எண்டு ஒரு குமிழ் பக்கத்தில இருக்கே, அது என்னத்துக்கு?"

அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. கண் அசைந்தால் இழையும் இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரிகிற பரலக்ஸுக்கு அந்தப் பாடப்புத்தகச் சொல்லை அப்படியே விடுவோமா?