இம்மிச்சா, டிஜிகாமா: 40,000 படங்களை எதில் வைப்பது?

பழைய ஆல்பம்: வீட்டில் 40,000 படங்கள் சேர்ந்துவிட்டன. பாதி கைப்பேசிப் படங்கள், மீதி அப்பா காலத்து ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை. 2021 ஜூனில் கூகுள் போட்டோஸ் வரம்பில்லா இலவச இடத்தை நிறுத்தியதிலிருந்து வேறு வழி தேடுகிறேன். ஆள் பெயரைச் சொல்லித் தேட முடிய வேண்டும், அம்மாவும் பார்க்க வேண்டும். எது தேறும்?

ஒயர்மேன்: இம்மிச் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கூகுள் போட்டோஸ் மாதிரியே, ஆனால் நம் வீட்டுக் கணினியில் ஓடும் மென்பொருள். டாக்கர் (மென்பொருள்களைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஓடும் ஒரு கணினி போதும். கைப்பேசிச் செயலி படங்களைத் தானாக ஏற்றிவிடும். ஒரே முகம் உள்ள படங்களை அதுவே சேர்த்து வைக்கும், நீங்கள் பெயர் கொடுத்தால் ஆயிற்று.

நிழற்குடை: யோசிக்கத்தான் வேண்டும் சார். அந்தப் பெயர் எங்கே போய் உட்காருகிறது? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். படக்கோப்புக்குள் போவதில்லை. நான் முன்பு வைத்திருந்த ஒரு மென்பொருள் நின்றுபோனபோது படங்கள் பத்திரமாக இருந்தன, மூன்று வருடம் உட்கார்ந்து போட்ட பெயர்கள் போய்விட்டன. டிஜிகாம் மேசைக் கணினியில் படங்களை அடுக்கிவைக்கும் மென்பொருள். அதன் அமைப்பில் ஒரு டிக் போட்டால் பெயர், முகம் இருக்கும் இடம், குறிச்சொல் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயோ, பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பிலோ (படத்தின் விவரங்களை வைக்கும் சின்னத் துணைக்கோப்பு) எழுதிவிடும்.

ஒயர்மேன்: டிஜிகாமுக்குக் கைப்பேசிச் செயலி உண்டா? அம்மா மேசைக் கணினி முன்னால் உட்காருவாரா? யாரும் பார்க்காவிட்டால் அது பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி மாதிரிதான். தரவுத்தளத்தை இம்மிச் தினமும் காப்பு எடுக்கிறது, பயம் வேண்டாம்.

நிழற்குடை: அந்தக் காப்பில் படங்களே கிடையாது, விவரங்கள் மட்டும்தான். அதையும் இம்மிச் தவிர வேறு எந்த மென்பொருள் படிக்கப் போகிறது?

சும்மா வந்தேன்: ரெண்டு பேருக்கும் நல்ல பொழுதுபோக்கு. மாதச் சந்தா கட்டி கூகுள் மாதிரி மேகத்திலேயே (கிளவுட்) வைத்துவிட்டுப் போகலாமே. டிஸ்க் போனால் ராத்திரி எழுந்து பார்ப்பது யார்?

நிழற்குடை: வெளியே வரும் நாளில், படங்களை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்தோடு ஒட்டாமல் தனித்தனி ஜேசன் (விவரங்களை எழுதும் உரை வடிவம்) கோப்புகளாக வரும். ஒட்டவைக்கும் வேலைக்கும் நீங்கள்தான் எழுந்திருக்க வேண்டும்.

பழைய ஆல்பம்: 200 படங்களை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். முதல் அடி யாரும் சொல்லாத இடத்தில் விழுந்தது. 1978 கல்யாணப் படங்களெல்லாம் ஸ்கேன் செய்த தேதியில் வந்து நிற்கின்றன! டிஜிகாமில் மொத்தமாகத் தேதியை மாற்றி, பெயர்களையும் எழுதினேன். அப்புறம் அதே கோப்புறையை, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, இம்மிச்சில் வெளி நூலகமாக (படங்களை நகலெடுக்காமல், இருக்கும் இடத்திலேயே காட்டும் வசதி) சேர்த்தேன். படத்துக்குள் இருக்கும் முகப் பெயர்களை எடுத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஆன் செய்ததும் சின்ன அத்தை பெயரோடு வந்துவிட்டார், அம்மா கைப்பேசியில் பார்த்தார்.

ஒயர்மேன்: சரி, இனி எடுக்கும் படங்கள்? செயலி வழியாக ஏற்றினால் அவை அந்தக் கோப்புறைக்குப் போகாதே.

பழைய ஆல்பம்: செயலியின் ஏற்றத்தை நிறுத்திவிட்டேன். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் வழியாகப் படங்கள் நேரே கோப்புறைக்கு வருகின்றன. பெயர் போடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒயர்மேன்: எத்தனை ஞாயிறு தாங்குகிறது என்று வந்து சொல்லுங்கள்.