8 விசைத்தறி, 32 சிக்னல்: நேரம் பதிய எந்த ஹார்டுவேர் வாங்கலாம்?

கொண்டலாம்பட்டித் தறிக்காரன்:
வணக்கங்க. சேலம் கொண்டலாம்பட்டியில் எங்களுக்கு 8 விசைத்தறி இருக்கு. ரெண்டு மாசமா, பெரும்பாலும் சாயங்காலத்தில், மூணாம் தறியில் நாடா (ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போற மரக்கட்டை) பாவுக்கு, அதாவது நீளவாக்கு இழைகளுக்கு, நடுவே சிக்கி இழைகளை அறுத்துடுது. ஒருதரம் அறுந்தா அத்தனை இழையையும் பிணைக்க அம்மாவுக்கு அரைநாள் ஆகுது. அவங்களுக்கு இப்போ கண் முன்ன மாதிரி இல்லைங்க, அதைப் பார்க்கத்தான் மனசு கேக்கல.

கரண்டு இறங்கி எட்டுத் தறியும் சேர்ந்து தளருதா, இல்ல அந்த ஒரு தறியில்தான் கோளாறான்னு எனக்குத் தெரியணும். தறிக்கு 4 சிக்னல்: கிராங்க் (தறியை ஓட்டுற தண்டு) சுற்றுக்கு ஒரு துடிப்பு, இடது பெட்டியில் (நாடா வந்து நிக்கிற இடம்) நாடா, வலது பெட்டியில் நாடா, ஸ்டார்ட் கைப்பிடி. மொத்தம் 32. ஒரு வாரம் இரவு பகலாப் பதியணும். கையிலிருந்த மூணு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பிரிச்சுக் கொடுத்தேன். தனித்தனியா நல்லா வேலை செய்யுது. ஆனா ஒரு மணி நேரத்தில் போர்டுக்குப் போர்டு 4 நொடி விலகிடுது. நொடிக்கு 10 கோடி தடவை படிக்கிற 100 மெகாஹெர்ட்ஸ் கார்டு வாங்கச் சொல்றாங்க. அவ்வளவு வேணுமா?

நெத்திமேடு எலக்ட்ரானிக்ஸ்:
வேண்டாம் தம்பி. முதல்ல கணக்குப் போடுங்க. நிமிஷத்துக்கு 150 ஊடை (குறுக்கிழை) ஓடுதுன்னு வைங்க, ஊடைக்கு ஒரு சுற்று, அப்போ கிராங்க் ஒரு சுற்று 400 மில்லிசெகண்ட். ஒரு டிகிரிக்கு 1.1 மில்லிசெகண்ட். பத்தில் ஒரு டிகிரி பார்க்க 100 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை படிச்சாலே போதும்.

உங்களுக்குத் தேவை வேகம் இல்லை, ஒரே கடிகாரம். பல மலிவு போர்டுகளில் கடிகாரத் துடிப்புக்குச் செராமிக் ரெசனேட்டர்தான் இருக்கும், அது அரை சதவீதம் வரை விலகலாம். அதைவிடத் துல்லியமான குவார்ட்ஸ் கிரிஸ்டல் போட்டாலும் ரெண்டு போர்டுக்கு நடுவே 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தா மணிக்கு 0.18 நொடி ஆகிடும். அதனால 32 சிக்னலும் ஒரே போர்டுக்கு வரணும்.

நான் செய்யறதா இருந்தா ராஸ்பெர்ரி பை பிக்கோங்கற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு எடுப்பேன். அதில் 26 பின்தான் வெளியே கிடைக்கும், நேரடியா 32 வராது. 74ஹெச்சி165 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (8 சிக்னலை ஒண்ணா வாங்கி ஒரே கம்பியில் வரிசையா அனுப்பற சிப்) நாலைத் தொடராக் கோத்து 3.3 வோல்ட்டில் ஓட்டுங்க. நாலுக்கும் லோடு கம்பி ஒண்ணே; அதைக் கீழே இழுத்து விட்ட நொடியில் 32-உம் ஒண்ணா உறைஞ்சுடும், அப்புறம் 1 மெகாஹெர்ட்ஸில் வரிசையா வெளியே எடுக்க 32 மைக்ரோசெகண்ட். மாறினா மட்டும் எழுதுங்க. அதிகபட்சம் நொடிக்கு 160 மாற்றம், ஒண்ணுக்கு 8 பைட், நாளுக்கு 110 எம்பிதான். ஒண்ணு மறந்துடாதீங்க: 100 மைக்ரோசெகண்ட் எண்ணிக்கையை 32 பிட் எண்ணில் (சுமார் 429 கோடி வரைதான் எண்ணும்) வெச்சா ஐந்தாம் நாள் பூஜ்யத்துக்குத் திரும்பிடும். உங்களுக்கு ஒரு வாரம் வேணும்.

கம்ப்யூட்டரில் செருகிச் சிக்னல்களைப் பார்க்கிற யூஎஸ்பி லாஜிக் அனலைசர் சில நொடி பார்க்க அருமையான கருவி, வாரக்கணக்குக்கு இல்லை.

தாரமங்கலம் மெக்கானிக்:
ஒளி சென்சார் வைக்காதீங்க தம்பி, ஒரே ஷிஃப்ட்ல பஞ்சு மூடிடும். நாடா மரம்தான், ஆனா ரெண்டு முனையும் இரும்பு. பெட்டியில் அந்த முனை வந்து நிக்கிற இடத்தில் 24 வோல்ட் பிராக்சிமிட்டி சென்சார் (இரும்பு பக்கத்தில் வந்தா தொடாமலே உணர்றது) வைங்க. போர்டுக்கு முன்னால ஒவ்வொண்ணுக்கும் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாக் கடத்தி ரெண்டு பக்க மின்சாரத்தையும் பிரிக்கிறது) கட்டாயம். மோட்டார் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டு விடற சுவிட்ச்) விழும்போது வர்ற இரைச்சல் பொய்த் துடிப்பாப் பதியும். சென்சார் வயரை மோட்டார் வயரோட ஒரே குழாயில் விடாதீங்க.

மோட்டார் விஷயம் ஒண்ணு: வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினா முறுக்குவிசை 19 சதவீதம் போயிடும். அதனால உங்க சந்தேகம் சும்மா இல்ல.

கொண்டலாம்பட்டித் தறிக்காரன்:
ரெண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்னபடியே கட்டிட்டேன். தறியில் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரே துடிப்பை 32 இன்புட்டுக்கும் கொடுத்துப் பார்த்தேன். 30 ஒரே கணக்கில் வந்துச்சு. ரெண்டில் சால்டர் சரியில்லாம இருந்தது தெரிஞ்சுச்சு.

நேத்து சாயங்காலம் 6:40-க்குப் பதிஞ்சதைச் சொல்றேன். எட்டுக் கிராங்கும் ஒண்ணா 400-லிருந்து 408 மில்லிசெகண்டுக்குப் போச்சு. ஏழு தறியில் நாடாவும் கிராங்கோட சேர்ந்தே தளர்ந்துச்சு. மூணாம் தறியில் மட்டும் வலது பெட்டிக்குப் போய்ச் சேர 9 மில்லிசெகண்ட் கூடுதல் தாமதம், ஏறக்குறைய 8 டிகிரி. இடது பெட்டிக்குத் திரும்பறது சரியா இருந்துச்சு. வலதுக்குப் போற நாடாவை அடிச்சு அனுப்பறது இடதுபக்கம், அப்போ அடி விழறது இடதுபக்கம்தானே குறையுதுன்னு கழட்டிப் பார்த்தா, அங்கே அந்த அடியைக் கொடுக்கிற தோல் வார் நீண்டு போய்க் கிடக்குது. காலையில் புது வார் போட்டுட்டேன். பதிவு ஓடிட்டேதான் இருக்குங்க.