மறு: கைப்பிடிச் சட்டத்தைத் தூணில் பூட்டுதல் – ‘டோ நெயிலிங்’குக்கு என்ன சொல்?

> அமெரிக்க மரத்தள (வீட்டை ஒட்டி வெளியே போடும் ‘டெக்’) வேலைக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். கைப்பிடிச் சட்டத்தின் நுனியில் சாய்வாக ஆணி அடித்துத் தூணோடு சேர்ப்பதை ‘டோ நெயிலிங்’ என்கிறார்கள். ‘விரல்நுனி ஆணி’ சரியாக வருமா?

வணக்கம் தம்பி,

விரல்நுனி ஆணி வேண்டாம். படிக்கிற ஆசாரி ஏதோ நகச்சுத்தி வைத்தியம் என்று நினைத்துக்கொள்வார். காரைக்குடிப் பட்டறைகளில் ‘சாய்ச்சு அடி’, ‘கிராஸா அடி’ என்றுதான் என் காதில் விழுகிறது. அதிலிருந்தே ‘சாய்வாணி’ எடுக்கலாம். ஆணிக்குப் பதில் திருகாணி என்றால் ‘சாய்திருகு’. இது எளிது.

கிராதியில், அதாவது தூணும் கைப்பிடிச் சட்டமும் சேர்ந்த தடுப்பில், ஆள் சாய்வார், பிள்ளைகள் ஏறித் தொங்கும். அதனால்தான் அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, மேல்சட்டம் 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. சாய்வாணி மட்டும் போட்டால் அந்தப் பாரமெல்லாம் இரண்டு ஆணிகளின் தலையில். நுனிக்கு ஒட்டி அடிப்பதால் மரம் வெடிக்கவும் செய்யும்; முன்துளை போட்டுக்கொண்டு அடித்தால் கொஞ்சம் தப்பிக்கும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தில் ஆணி தளராமல் இருக்காது. சரி, தூணுக்கு மறுபக்கத்திலிருந்து நேராக அடித்தால்? அப்போது ஆணி சட்டத்தின் நாருக்கு இணையாக ஓடுகிறது. பிடிப்பு இன்னும் மோசம். நாருக்குக் குறுக்கே அறுத்த சட்டத்தின் நுனி முகத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘நார்முனை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நல்ல முறை, தூணில் அரை அங்குலம் போல வெட்டிச் சட்டத்தை அதில் உட்கார வைப்பது. பாரம் மரத்தின் மேல் மரமாக இறங்கும். திருகாணிக்குச் சட்டம் வெளியே வராமல் பிடிக்கிற வேலை மட்டும். இந்த வெட்டுக்கு நம் ஆசாரிகளிடம் சொல் இருக்கிறது: காடி. கதவு நிலையில் எடுப்பது காடிதானே? ஆகவே ‘காடிப் பொருத்து’. உங்கள் குறிப்பில் சாய்வாணிக்கு எதிராக நிற்பது இந்தப் பொருத்துதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே அகராதியில் போடுங்கள்.

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில், பழைய தேக்குச் சட்டங்களின் நுனியைத் திருப்பிப் பாருங்கள். தூணின் குழிக்குள் நுழைவதற்காகச் சீவி ஒல்லியாக்கிய முனை, அதில் மரமுளை போன துளை. முளைப் பொருத்தில் கெட்டிக்காரத் தச்சர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. முனையிலுள்ள துளையைத் தூணின் துளைக்கு நேராக வைக்காமல் மயிரிழை தள்ளி, சட்டத்தின் தோள் பக்கமாக, அதாவது முனை ஒல்லியாகத் தொடங்கும் இடத்தின் பக்கமாக, போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது சட்டத்தை இழுத்துத் தூணோடு நெருக்கிவிடும். இதற்கு ‘இழுதுளை’ என்று பெயர் வைக்க ஆசை.

– காரைக்குடியிலிருந்து

⸻

அண்ணே,

சாய்வாணி, இழுதுளை இரண்டுக்கும் என் ஓட்டு. காடி என்றால் எங்கள் வீட்டில் புளித்த காடிதான், ஊறுகாய் நினைவு வருகிறது. ஆனாலும் ஆசாரி வாயில் புழங்குகிற சொல், இருக்கட்டும்.

என் சண்டை ‘தூண்’ மேல். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் தூண் என்றால் வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றி நிற்கிற பர்மாத் தேக்கு. நாலங்குலக் கட்டையைத் தூண் என்றால் ஆச்சிகள் சிரிப்பார்கள். பந்தக்கால் என்கிறோமே, அதுபோல் ‘கிராதிக்கால்’ என்றால் என்ன?

– தேவகோட்டையிலிருந்து

⸻

கிராதிக்கால் பிரமாதம். நான் மேலே எழுதிய தூணையெல்லாம் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஒன்று: கிராதிக்காலின் அடியில், தளத்து உத்திரத்தோடு சேர்கிற இடத்தில், காடி எடுக்கச் சொல்லி மொழிபெயர்த்துவிடாதீர்கள். விசை முழுக்க அங்கேதான் வந்து நெம்பும். அங்கே வெட்டினால் கால் மெலிந்து அதே இடத்தில் பிளக்கும். அங்கே அரை அங்குல போல்ட் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, வாஷர் வைத்து நட்டு முறுக்கியிருக்க வேண்டும். போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் அப்படியே இருக்கட்டும், அவற்றை யாரும் தமிழாக்க வேண்டாம்.

– காரைக்குடியிலிருந்து