தஸ்தயெவ்ஸ்கியின் கடனெல்லாம் சூதாட்டத்தால் வந்ததுதானா?

இரவுவாசகன்:
ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'சூதாடி' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். சூதாட்டக் கடனை அடைக்க 26 நாளில் எழுதினார் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் போட்டிருக்கிறார்கள். நிஜமா, இல்லை பிற்பாடு யாராவது கட்டிவிட்டதா? கையில் வந்ததையெல்லாம் ரூலெட் என்ற சுழல்சக்கரச் சூதாட்டத்தில் விட்ட மனுஷன் இதற்கப்புறம் அவ்வளவு பெரிய நாவல்களை எப்படி எழுதினார் என்பதும் புரியவில்லை.

பழையபுத்தகம்:
26 நாள் உண்மை. கடன் விஷயம்தான் பாதி உண்மை. அண்ணன் மிகயீலோடு சேர்ந்து நடத்திய 'விரேம்யா' பத்திரிகையை 1863இல் அரசு மூடியது, அடுத்து ஆரம்பித்த 'எபோகா' நஷ்டத்திலேயே ஓடியது. 1864இல் முதல் மனைவி மரியாவும் அண்ணனும் சில மாத இடைவெளியில் இறந்துபோக, அண்ணனுடைய கடன், அண்ணன் குடும்பம் இரண்டும் இவர் தலையில் விழுந்தன. 1865இல் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3000 ரூபிளுக்குக் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால் அடுத்த 9 வருஷம் இவர் எழுதுவதையெல்லாம் காசு தராமல் அச்சடித்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை, கந்துவட்டிக்காரன்கூட இப்படி எழுதி வாங்க மாட்டான். பணத்தில் பெரும்பகுதி கடன்காரர்களுக்கே போயிற்று. மிச்சம் 175 ரூபிளோடு ஜெர்மனியின் சூதாட்ட ஊரான வீஸ்பாடன் போய் அதையும் தோற்றார், அது சூதாட்டம்தான், மறுக்கவில்லை.

மணிமேகலை:
அன்னாவை விட்டுவிட்டீர்களே! கெடு முடிய நாலு வாரம்கூட இல்லாதபோது வந்த சுருக்கெழுத்துப் பெண், வயது 20. ராத்திரி தஸ்தயெவ்ஸ்கி குறிப்பு எழுதி வைப்பார், பகலில் அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிரதி எடுப்பார். நாவல் முடிந்து கொடுக்கப் போனால் ஸ்தெல்லோவ்ஸ்கி வேண்டுமென்றே ஊரிலில்லை, ஆகவே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். 1867 பிப்ரவரியில் இருவருக்கும் கல்யாணம். அப்புறம் கடன்காரர்களுக்குப் பயந்து நாலு வருஷம் வெளிநாடு, அன்னாவின் நகை, துணிமணி எல்லாம் அடகுக்கடையில். ஜெனீவாவில் மூன்று மாதக் குழந்தை சோன்யா இறந்தாள். அதற்கு நடுவில்தான் 'அசடன்' நாவல் எழுதப்பட்டது. 1871இல் தஸ்தயெவ்ஸ்கி சூதாட்டத்தை அடியோடு விட்டார். 1873இல் அன்னா வீட்டிலிருந்தே பதிப்பகம் நடத்தி அவருடைய நாவலைத் தானே விற்க ஆரம்பித்தார். கணக்கு வழக்கு, கடன்காரர்களோடு பேரம் எல்லாம் அன்னா பொறுப்பு. 'கரமசோவ் சகோதரர்கள்' எழுதும் நிம்மதி யாரால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?

நெவாக்கரை:
இன்னொன்று, 26 நாள் என்பது எழுதின காலம் மட்டும்தான். 1863லேயே ரோமிலிருந்து நண்பர் ஸ்த்ராகவுக்கு எழுதிய கடிதத்தில், வெளிநாட்டில் சூதாடும் ஒரு ரஷ்யனைப் பற்றிய கதை இருக்கிறது. அந்தப் பயணத்தில் அப்போலினாரியா சுஸ்லோவா கூட இருந்தார், நாவலில் வரும் பொலினா அவர் சாயல். மூன்று வருஷம் மனசில் கிடந்ததைத்தான் அக்டோபரில் சொல்லித் தீர்த்தார். அதே 1866 முழுக்க 'குற்றமும் தண்டனையும்' நாவல் வேறு 'ரூஸ்கி வெஸ்த்னிக்' பத்திரிகையில் தொடராக ஓடிக்கொண்டிருந்தது, கெடு கழுத்தை நெரித்ததற்கு அதுவும் காரணம். 'சூதாடி'யில் பாட்டி வந்து இறங்கி ரூலெட் ஆடும் அத்தியாயங்கள் தவிர மற்ற இடங்களில் அவசரம் தெரிகிறது என்பது என் கட்சி, அடிக்க வராதீர்கள்.

இரவுவாசகன்:
பாட்டி வந்தபிறகுதான் எனக்கும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அடுத்து 'அசடன்' எடுக்கப் போகிறேன்.