நாய் டம்பெல்லைக் கொண்டுவந்ததும் மெல்கிறான், என்ன செய்வது?

கேட்டவர்: வணக்கம். எங்கள் லேப்ரடாருக்கு இரண்டேகால் வயது. ஹீல் (காலோடு ஒட்டி நடப்பது), ஸ்டே (சொன்ன இடத்திலேயே இருப்பது) எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ரிட்ரீவ், அதாவது எறிந்த டம்பெல் கட்டையை வாயில் எடுத்துவருவதுதான் உயிரை வாங்குகிறது. எறிந்தால் நேராக ஓடுகிறான், சுத்தமாக எடுக்கிறான், வேகமாகவே திரும்புகிறான். என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் டம்பெல்லைக் கடக் கடக் என்று மெல்ல ஆரம்பிக்கிறான். கை நீட்டினால் இன்னும் மோசம், சில சமயம் என் காலடியிலேயே துப்பிவிடுகிறான். போன மாதம் ஒரு போட்டியில் இதற்காகவே நிறைய மதிப்பெண் போனது. டம்பெல் மரத்தில்தான், பக்கத்துக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கியது. க்ளிக்கர் (சரியாகச் செய்த நொடியை 'க்ளிக்' ஒலியால் குறித்துக்காட்டும் சிறு கருவி, ஒலி கேட்டால் தின்பண்டம் உண்டு) பயன்படுத்துகிறேன். வேடிக்கை என்னவென்றால், தினமும் காலையில் கேட்டிலிருந்து பேப்பரை இவன்தான் கொண்டுவருகிறான், அதில் ஒரு பல் தடம் இருக்காது!

பதில் 1: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே கதை. மெல்லும்போது தாடைக்குக் கீழே லேசாக ஒரு தட்டு, "ஹோல்ட்" என்று கொஞ்சம் கறாராகச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

கேட்டவர்: அதையும் செய்து பார்த்துவிட்டேன் சார். இப்போது என் கை அருகே வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

பதில் 2: முதலில் தட்டுவதை நிறுத்துங்கள். கையைப் பார்த்து ஏற்கெனவே பதறுகிறவனுக்கு அது இன்னொரு காரணம், அவ்வளவுதான். மூன்று கேள்வி. எந்த நொடியில் க்ளிக் செய்கிறீர்கள்? தின்பண்டம் என்ன, எங்கே வைத்திருக்கிறீர்கள்? டம்பெல்லுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறதா?

கேட்டவர்: வார்னிஷ் இல்லை. வேகவைத்த ஈரல், இடுப்புப் பையில். அவன் டம்பெல்லை என் கையில் விட்டதும் க்ளிக்.

பதில் 2: பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவன் பார்வையில் சம்பளம் வாயில் பிடிப்பதற்கு இல்லை, வாயிலிருந்து விடுவதற்கு. உங்கள் கை வந்தாலே "இதோ ஈரல்" என்று அர்த்தம், அதனால் தாடை முன்கூட்டியே தளர்கிறது. போதாததற்கு மூக்குக்கு நேரே ஈரல் வாசனை. சாப்பாட்டுப் பிரியனான லேப்ரடார் வேறு. எச்சில் ஊறினால் விழுங்கத்தானே வேண்டும்? விழுங்கும்போது தாடை அசையும், டம்பெல் உருளும், உருண்டால் மறுபடி கவ்வுவான். இதில் பாதி எச்சில் விவகாரம், அடங்காமை இல்லை. பேப்பருக்கு நீங்கள் எதுவும் தருவதில்லை, அதனால்தான் அங்கே வாய் அமைதியாக இருக்கிறது.

இரண்டு வாரம் எறிவதே வேண்டாம். அவனை உட்காரவைத்து டம்பெல்லை வாயில் கொடுங்கள். வாய் அசையாமல் இருக்கும் அந்த ஒரு நொடியில், டம்பெல் இன்னும் வாயில் இருக்கும்போதே க்ளிக். க்ளிக் கேட்டதும் அவன் கீழே போட்டாலும் பரவாயில்லை, அடையாளம் சரியான இடத்தில் விழுந்துவிட்டது. ஒரு நொடி பழகியபின் இரண்டு, அப்புறம் நான்கு. நடுவில் மறுபடி ஒன்றுக்கு வாருங்கள், இல்லையென்றால் நேரம் கூடிக்கொண்டே போகிறது என்று சலித்துக்கொள்வான்.

கை விஷயம் தனி வேலை. டம்பெல்லைத் தொடுங்கள், எடுக்காமல் கையை விலக்குங்கள், அசையாவிட்டால் க்ளிக். ஐந்து முறை தொட்டால் ஒரு முறைதான் எடுக்க வேண்டும், அதுவும் "அவுட்" என்று வாயால் சொன்ன பிறகு. கையைக் கண்டால் விடக் கூடாது, சொல்லைக் கேட்டுத்தான் விட வேண்டும். ஈரலுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, அவன் அன்றாடம் தின்கிற உலர்தீனியைப் பின்னால் ஒரு ஸ்டூலில் வையுங்கள்.

பதில் 3: குறுக்கே ஒரு வார்த்தை. டம்பெல்லின் நடுக்கட்டை, அதாவது அவன் வாயில் கவ்வும் தண்டு, எவ்வளவு தடிமன் என்றும் பாருங்கள். கடைசல்காரர்கள் கண்ணளவில் மெலிதாக இழைத்துவிடுவார்கள். மெலிதாக இருந்தால் கடைவாய்ப்பல் வரை உருளும், அங்கே போனால் எந்த நாயும் மெல்லத்தான் செய்யும். கோரைப்பல்லுக்குச் சற்றுப் பின்னால் பொருந்தி நிற்க வேண்டும். நடுக்கட்டையின் நீளமும் அவன் மூஞ்சியின் அகலத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கலாம். ஒரு முறை பல் மருத்துவப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பல் உடைந்திருந்தால் பயிற்சியால் ஒன்றும் ஆகாது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து): பல்லில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நடுக்கட்டை மெலிதுதான், பட்டறையில் வேறு செய்து வாங்கினேன், 60 ரூபாய். வீட்டு வாசலில் பன்னிரண்டு நொடி அசையாமல் பிடிக்கிறான். நேற்று காலை ஆறு மணிக்கு மைதானத்தில் எறிந்து பார்த்தேன். பத்தில் எட்டு முறை சுத்தம். நண்பர் ஒருவர் நடுவர் மாதிரி பக்கத்தில் வந்து நின்றபோது மட்டும் இரண்டு முறை மென்றான்.

பதில் 2: புது இடம், புது ஆள் என்றால் ஒரு நொடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த நண்பரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, நாளுக்கு ஓரடி அருகே வரவிடுங்கள். எறிவது அதற்கு அப்புறம்.

கேட்டவர்: சரி சார். நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும்.