பிரசங்க பீடத்தில் தாள் இருக்கலாமா?

பாளைக்காரன்:
எங்கள் சேகரத்துக்கு, அதாவது சபைத் தொகுதிக்கு, புதிதாக வந்திருக்கும் குருவானவர் பிரசங்கத்தை முழுக்க எழுதி வந்து வாசிக்கிறார். விஷயம் கனமானது, உழைப்பும் தெரிகிறது. ஆனால் தலை நிமிர்வதே இல்லை. பின்வரிசைப் பிள்ளைகள் போனை எடுத்துவிடுகிறார்கள். தாளை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்கிறேன்.

ஆல்டோ குரல்:
தாள் இல்லாதவர்களையும் கேட்டிருக்கிறேன் அண்ணே. எடுத்த வசனத்தை ஐந்தாம் நிமிடத்திலேயே விட்டுவிடுவார்கள். "கடைசியாக" என்று மூன்று முறை வரும். அப்புறம் நேரம் போதாமல் திருவிருந்து ஜெபங்களை அவசர அவசரமாக ஓட்டுவார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாதது. எழுதி வருபவருக்கு எங்கே நிறுத்துவது என்றாவது தெரியும்.

பாளைக்காரன்:
பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேர்போன ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பீடத்துக்குச் சின்னக் குறிப்புத்தாள்தான் கொண்டுபோவார். லண்டனில் 1861-இல் திறந்த மெட்ரோபாலிட்டன் டாபர்னகிள் ஆலயத்தில் ஆயிரக்கணக்கான பேர், மைக் கிடையாது. சுருக்கெழுத்தில் எடுத்ததைத் திங்கட்கிழமை திருத்தி அச்சுக்குக் கொடுப்பார். பேச்சு முதலில், எழுத்து பிறகு.

ஆல்டோ குரல்:
ஸ்பர்ஜன் படித்த அளவு படித்தவர்கள் அப்படிச் செய்யட்டும். நம் ஊர் ஆளையே பாருங்கள். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் காலட்சேபமாகச் சுவிசேஷம் சொன்னவர். எல்லாம் சந்தம் பிசகாமல் எழுதி வைத்த பாட்டு. எழுதியது அவருக்குள் ஊறியிருந்தது.

பாளைக்காரன்:
ஊறாமல் வருவதைத்தானே தங்கச்சி நானும் குறை சொல்கிறேன்!

திருச்சி வாசகன்:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்று. மறையுரை (நீங்கள் பிரசங்கம் என்பது) திருவழிபாட்டின் பகுதி, தகுந்த காரணமின்றி ஞாயிறு திருப்பலியில் விடக்கூடாது என்று எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது. அதே மறையுரை 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். 8 நிமிடம் என்றால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

ஆல்டோ குரல்:
எங்களுக்கு அது போதாது. வாரத்தில் அந்த ஒரு பிரசங்கத்தை நம்பியே வருகிற முதியவர்கள் இருக்கிறார்கள்.

சேகர ஊழியன்:
நான் குருவானவர். நானும் எழுதித்தான் வருகிறேன். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சனிக்கிழமை ஒரு அடக்க ஆராதனை வந்தால் யோசித்து வைத்ததெல்லாம் கலைந்துபோகும், எழுதியது மட்டும் நிற்கும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவேன். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடைத்துவிடுவேன். தொடக்கமும் முடிவும் மனப்பாடம், நிமிர்ந்து பேச அது உதவும். பிரசங்கத்தைவிட அதிகம் கெட்டுப்போவது வேதபாட வாசிப்பு. பவுலின் நிருபங்களில் ஒரே வாக்கியம் பல வசனங்களுக்கு ஓடும். முந்தின இரவே சத்தமாக வாசித்து, நிறுத்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளாவிட்டால் சபைக்கு ஒன்றும் புரியாது. மைக் இருக்கும்போது கத்தவும் வேண்டாம். அப்புறம் வீடு சந்திப்பு. ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், சுகமளித்த அற்புதத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச முடியாது.

பாளைக்காரன்:
ஐயா, வீடு சந்திப்புக்கு எங்கள் கமிட்டிதான் நேரம் விடுவதில்லை. கட்டட வேலை, கணக்கு எல்லாம் எங்கள் குருவானவர் தலையில். அடுத்த கூட்டத்தில் கட்டடக் கணக்கைப் பொருளாளரே பார்க்கட்டும் என்று கேட்கிறேன். தாள் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை.

ஆல்டோ குரல்:
கணக்கை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. தாள் அவரிடமே இருக்கட்டும்.